உஷார்! கைப்பேசிக்குள் கள்ளக்கடல்

இன்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்து, உங்கள் வீட்டில் யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விளக்கு அணைந்திருக்கும். போர்வைக்குள் ஒரு முகத்தில் மட்டும் வெளிச்சம் அடிக்கும். அது பிளஸ் டூ படிக்கும் மகளாக இருக்கலாம். வளைகுடாவிலிருந்து மகன் கூப்பிடுவான் என்று காத்திருந்து அப்படியே ஃபேஸ்புக்குக்குள் போய்விட்ட அம்மாவாக இருக்கலாம். பணி ஓய்வு பெற்ற அப்பாவாகவும் இருக்கலாம். என்ன பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். விபத்து, வெட்டுக்குத்து, மருமகளை மாமியார் அடிக்கும் சிசிடிவி காட்சி, யாரோ ஒரு பெண்ணை ஊரே சேர்ந்து திட்டும் கமெண்டுகள். பொழுதுபோகாமல் பார்க்கிறார்கள் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

குமரி மாவட்டக் கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் கள்ளக்கடலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். வானம் வெளுப்பாக இருக்கும், காற்றும் இருக்காது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து சத்தமில்லாமல் நம் கரையில் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது அப்படி வந்த அலைதான். கைப்பேசி வழியாக நம் மனதுக்குள் ஏறும் கேடும் இதே வழியில் வருகிறது. புயல் வேறெங்கோ அடிக்கிறது, அடி நம் வீட்டுக்குள் விழுகிறது. அதனால்தான் இவ்வளவு பதறிச் சொல்கிறேன்.

வெறும் பார்வைக்கு இத்தனை சக்தி உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு ஆய்வு. 2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டு வெடித்தது. அடுத்து வந்த வாரங்களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4,675 பேரிடம் அவர்களுடைய மனநிலையை விசாரித்தார்கள். சம்பவம் நடந்த இடத்திலோ பக்கத்திலோ இருந்தவர்களைவிட, குண்டுவெடிப்புக்குப் பிந்திய வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தக் காட்சிகளையும் செய்திகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கடும் மன உளைச்சலின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. குண்டு வெடித்தது ஒரு தடவை. பார்த்தவர்களுக்குள் அது நூறு தடவை வெடித்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு ஒக்கிதான் நினைவுக்கு வந்தது. 2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்க ரப்பர் மரங்களையும் வாழைத்தோட்டங்களையும் சாய்த்துப்போட்ட அந்தப் புயல், நம் ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லாமல் ஆக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கடற்கரை முழுவதும் கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வாயிலிருந்து தெளிவான பதில் வராத அந்த நாட்களில், கைப்பேசியில் வரும் குரல்செய்திதான் கதி. எந்தக் கடலில், எந்த வருஷம் எடுத்தது என்றே தெரியாத வீடியோக்களும் அதோடு சேர்ந்து வந்தன. கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தி, கவிழும் படகின் வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி அதில் ஒரு முகத்தைத் தேடினால் அவள் மனது என்ன ஆகும்? அனுப்பியவர் உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அந்தப் பெண் படும் பாட்டுக்கு அவரும் ஒரு காரணம்.

கெட்டதே ஏன் கண்ணில் படுகிறது? நாம் அதைத் தேடிப் போகிறோம் என்பது பாதி உண்மை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க இணையதளம் ஒன்றின் தலைப்புகளை எடுத்து அலசியது. சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறையான சொல் ஒன்று கூடினால், அதைத் திறந்து படிப்பவர்கள் 2.3 சதவீதம் கூடினார்கள். ஆபத்து எங்கே என்று முதலில் பார்ப்பது மனித சுபாவம். அந்தச் சுபாவம் இல்லாமல் நம் முன்னோர்கள் காட்டிலும் கடலிலும் பிழைத்திருக்க முடியாது.

மறு பாதி, அந்தச் சுபாவத்தை வைத்து நடக்கும் வியாபாரம். ஃபேஸ்புக்கில் ஒரு பதிவுக்கு லைக் போடலாம், சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகங்களும் போடலாம். 2017-ல் அந்த நிறுவனம் தன் கணக்கில் ஒரு கோப முகத்தை ஐந்து லைக்குக்குச் சமமாக வைத்தது என்பது, 2021-ல் வெளியான அதன் உள் ஆவணங்களில் தெரியவந்தது. அதாவது உங்களைக் கோபப்படுத்திய பதிவு ஐந்து மடங்கு முக்கியமானது, அதை இன்னும் பல பேருக்குக் காட்டு என்பது இயந்திரத்துக்குப் போன உத்தரவு. கோப முகம் அதிகம் வாங்கும் பதிவுகளில்தான் பொய்யும் விஷமும் கூடுதலாக இருக்கின்றன என்று அவர்களுடைய ஊழியர்களே எச்சரித்தார்கள். 2020-ல் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கிய பிறகு, ஆட்கள் அங்கே புழங்குவது குறையவில்லை, மனதைக் கலக்கும் பதிவுகள் மட்டும் குறைந்தன. மூன்று வருஷம் கோப முகத்துக்கு லைக்கைவிடக் கூடுதல் மதிப்பு இருந்திருக்கிறது. அந்த மூன்று வருஷத்தில் உங்களுக்கு வந்த கோபத்தில் எது உங்களுடையது, எது உங்களுக்கு ஊட்டப்பட்டது?

இதே நிறுவனம் 2012 ஜனவரியில் 6,89,003 பேரின் பக்கங்களில், அவர்களுக்குத் தெரியாமலே, ஒரு சோதனை நடத்தியது. சிலருக்கு நல்ல பதிவுகளைக் குறைத்துக் காட்டினார்கள், சிலருக்குச் சோகமான பதிவுகளைக் குறைத்தார்கள். நல்லதைக் குறைவாகப் பார்த்தவர்கள் தாங்களும் கொஞ்சம் சோகமாக எழுத ஆரம்பித்தார்கள். மாற்றம் சிறியதுதான். ஆனால் முகம் பார்க்காமல், குரல் கேட்காமல், வெறும் எழுத்து வழியாகவே ஒருவரின் வாட்டம் இன்னொருவருக்குத் தொற்றும் என்று 2014-ல் அவர்களே கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எல்லாப் பழியையும் அமெரிக்கக் கம்பெனிமேல் போட்டுவிட்டு நாம் நழுவவும் முடியாது. 2020 மார்ச் 28 அன்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கொரோனா தனிமைப்படுத்தும் வார்டில் ஒரே நாளில் மூன்று பேர் இறந்தார்கள். சிறுநீரக நோய், நுரையீரல் அழற்சி, பிறவியிலேயே வந்த எலும்பு நோய் என்று மூவருக்கும் ஏற்கெனவே கடும் உடல்கோளாறு இருந்தது என்பதைச் சுகாதாரத் துறை விளக்கியது. விளக்கத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர், அதற்கு முன்னால் கொரோனா சாவு என்று வாட்ஸ்அப்பில் பறந்த ஆடியோவைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஊரடங்கில் முடங்கிக் கிடந்த அந்த வாரத்தில் நாகர்கோவிலில் சாதாரண இருமலுக்கே உயிர் போகிற மாதிரி பயந்தவர்களை நான் அறிவேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ராத்திரியானால் படபடப்பு. ரத்த அழுத்தம் பார்த்தால் சரியாக இருக்கும். அவருடைய மைத்துனர்தான் கடைசியில் வழி கண்டுபிடித்தார். "அத்தான், அந்தச் சவத்த இங்க தாங்க. காலையில நான் வந்து ஒரு தடவை நியூஸ் சொல்லிட்டுப் போறேன், அது போதும்" என்று கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று நாளில் பெரியவர் தூங்க ஆரம்பித்துவிட்டார்.

பொய்யைப் பரப்புவது யார் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை ஓடிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய்யைப் பகிர்வதற்கான வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான். வாட்ஸ்அப்பில் சில செய்திகளின் தலையில் இரட்டை அம்புக்குறி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்த சரக்கு அது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்பைப் பார்த்தால் கை பின்வாங்க வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று அதற்கு முன்பே பரவியிருந்த வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். அதே 2018 ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், இரட்டை அம்பு உள்ள செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது.

இப்போது சொல்லப்போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

2024 ஏப்ரல் 28. சென்னை திருமுல்லைவாயலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தாயின் கையிலிருந்து தவறிய கைக்குழந்தை கீழ்மாடியின் கூரைத்தகட்டில் விழுந்து நழுவிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தவர்கள் கீழே போர்வையை விரித்துப் பிடித்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக ஏறிப் போய்க் குழந்தையை எடுத்துவிட்டார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழந்தை பிழைத்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கமெண்டுகள் ஆரம்பித்தன. இவளெல்லாம் ஒரு தாயா, அலட்சியம், பிள்ளையைக் கவனிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று முன்பின் தெரியாதவர்கள் அந்தப் பெண்ணைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் காரமடையிலுள்ள தாய்வீட்டுக்குப் போனார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததாகச் செய்திகள் வந்தன. மே மூன்றாம் வாரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடையாது என்று மனநல மருத்துவர்கள் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் ஏற்கெனவே நொந்து கிடந்த மனதின்மேல் ஆயிரம் பேர் ஆளுக்கொரு கல்லாக எறிந்தார்கள் என்பதும் சரிதான். ஒருவராவது அந்தத் தாயை நேரில் பார்த்திருந்தால், "விடு மக்கா, பிள்ளை பிழைச்சுதே, அது போதும்" என்று தோளைத் தட்டியிருப்பார்கள். அதே ஆட்கள்தான் கமெண்டில் வேறு ஆளாக மாறுகிறார்கள். எதிரே இருப்பவரின் கண்ணீர் தெரியாத இடத்தில் நம் நாக்கு நம்முடையதாக இருப்பதில்லை. இதை நான் மிகுந்த பயத்தோடு சொல்கிறேன்.

நம் நாகர்கோவிலிலேயே நடந்தது காசி வழக்கு. சமூக வலைத்தளங்களில் பெண்களிடம் பழகி, படங்களையும் வீடியோக்களையும் எடுத்துவைத்து மிரட்டிய அந்த ஆள் 2020 ஏப்ரலில் கைதானான். 2023 ஜூனில் நாகர்கோவில் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அவ்வளவு காலம் அவன் தைரியமாக நடமாடியது எதை நம்பி? வெளியே சொன்னால் ஊர் என்ன பேசும், யார் என்ன கமெண்ட் போடுவார்கள் என்ற பயத்தை நம்பித்தான். ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. செய்தி வெளியானபோது அதன் அடியிலேயே பெண்களைக் குறைசொல்லிய கமெண்டுகளுக்கும் பஞ்சமில்லை. அப்படி எழுதியவர்கள் ஒவ்வொருவரும், அடுத்த மிரட்டலில் சிக்கும் பெண்ணின் வாயை முன்கூட்டியே அடைத்திருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, கவனியுங்கள். நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் பிள்ளை கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறதா? விரும்பி வைத்திருந்த இன்ஸ்டாகிராம் கணக்கைத் திடீரென்று அழித்துவிட்டதா? மெசேஜ் சத்தம் கேட்டாலே முகம் மாறுகிறதா? சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறதா? அப்போது முதல் வேலையாகக் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிள்ளைகள் சொல்லாமல் மறைப்பதே, சொன்னால் போன் போய்விடும், அடி விழும் என்ற பயத்தால்தான். என்ன நடந்திருந்தாலும் நான் உன் பக்கம் என்ற ஒரு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். திட்டுவதற்கும் விசாரிப்பதற்கும் நாள் இருக்கிறது.

தாக்குதலுக்கு ஆளானவர் கமெண்டுகளைத் தானே படிக்கக் கூடாது. நம்பிக்கையான அக்காவோ தோழியோ கைப்பேசியை வாங்கிப் படித்து, தேவையானதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடும் இணைப்போடும் சேர்த்து வைக்கட்டும். ஆதாரம் எடுப்பதற்கு முன் எதையும் அழித்துவிட வேண்டாம். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலே புகார் செய்யவும் வழி உண்டு. அந்தரங்கப் படத்தையோ மார்ஃபிங் செய்த படத்தையோ யாராவது போட்டுவிட்டால், பாதிக்கப்பட்டவர் அந்தத் தளத்திடமே நேரடியாகப் புகார் செய்யலாம். 24 மணி நேரத்துக்குள் அதை நீக்கியாக வேண்டும் என்று 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டாயப்படுத்தின. இந்த உரிமை இருப்பதே பல பேருக்குத் தெரியாமல் போனது பெரிய கொடுமை.

மனது தாங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று கடந்து போகாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கும் அரசு மனநல உதவி எண் அது. ராத்திரி பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 104-லும் ஆலோசனை கிடைக்கும். குழந்தை என்றால் 1098. ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவுக்குப் போவதைக் கேவலமாக நினைக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போகும் அதே வாசல்தானே, இதில் என்ன வெட்கம்?

இதுவரை எந்த அடியும் படாதவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகள் உண்டு. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்துக்குப் போய், படமும் வீடியோவும் தானாக இறங்கும் ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். ஊர்க் குழு, சபைக் குழு, பழைய மாணவர் குழு என்று எத்தனையோ குழுக்களில் இருக்கிறோம். காலையில் கண் விழித்ததும் கண்ணீர் அஞ்சலிப் படமும் விபத்து வீடியோவும் கேட்காமலே கைப்பேசியில் வந்து குவிந்து கிடப்பது இந்த ஆட்டோ டவுன்லோடால்தான். குழுவை மியூட் செய்தால் யாருக்கும் தெரியாது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து ஹாலில் மாட்டுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாளுக்குத் தலா பத்து நிமிஷம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முழுவதுமாக விட்டுவிடச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மகன் வளைகுடாவிலும் கணவன் ஆழ்கடலிலும் இருக்கிற நம் மாவட்டத்தில், கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்வது நடக்காத காரியம் என்று எனக்கும் தெரியும்.

குழு அட்மினாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் குழுவில் ஒரு பெண்ணின் படமோ, ஒரு குடும்பத்தின் சண்டையோ வந்து விழுந்தால், அதை எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் நீக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. உடனே நீக்குங்கள். போட்டவரைப் பொதுவில் திட்டாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வேறு குழுக்களில் போட்டதையும் அவரையே அழிக்க வையுங்கள். எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வாய்ப்பு, போட்டவருக்குச் சுமார் இரண்டரை நாள்தான் இருக்கும். அதற்குப் பிறகு அவரே நினைத்தாலும் முடியாது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிடாதீர்கள், பார்த்த நிமிஷமே கூப்பிடுங்கள்.